வாட்ச் காட்டும் கலோரியை நம்பி வடை சாப்பிடலாமா?

கேள்வி:

டாக்டரம்மாவுக்கு வணக்கம். திருநெல்வேலி டவுன்ல மளிகைக் கடை வச்சிருக்கேன். வயசு 54, எடை 78 கிலோ. மூணு மாசமா வாரம் ஆறு நாள் காலையில ஜிம்முக்குப் போயி டிரெட்மில்ல முக்கால் மணி நேரம் நடக்கேன். வேகம் 5.5, ஏத்தம் 4. முட்டுக்குப் பயந்து கம்பியைப் பிடிச்சிக்கிட்டுத்தான் நடப்பேன். முடிச்சு இறங்குனா டிரெட்மில் 310 கலோரிங்கு. மகன் மெட்ராஸ்ல இருந்து வாங்கிக் குடுத்த வாட்ச் 186ங்கு. பையில கிடக்க போன் 160ங்கு. இதுல எதை நம்பணும்?

முன்னாடி இதே நடைக்கு வாட்ச் 290 காட்டிக்கிட்டு இருந்துச்சு. நடுவுல டாக்டர் பிரஷர் மாத்திரையை மெட்டோப்ரோலாலுக்கு மாத்துனாரு. அந்தச் சமயத்துலதான் வாட்ச்சும் கெட்டுப் போயிருக்கும்னு நினைக்கேன். இன்னொண்ணு, ஒரு நாள் என் மகளும் எனக்கு அடுத்தாப்ல அதே மெஷின்ல அதே வேகத்துல நடந்தா. அவ 52 கிலோதான். அவளுக்கும் 310! கடையில அரிசி மூட்டை இறக்குனா வாட்ச்ல ஒண்ணும் ஏற மாட்டேங்கு, பைக்ல போனா நடந்த மாதிரி காட்டுது.

டிரெட்மில் கணக்குப்படி எனக்கு மூணு கிலோ குறைஞ்சிருக்கணும். குறைஞ்சது முக்கால் கிலோ. சாயந்தரம் ஒரு வடை திங்கது உண்டு. 310 எரிச்சவனை ஒரு வடை என்ன செய்யும்? காலையில நடந்த களைப்புக்குக் கடையில உக்காந்தேதான் இருக்கேன், பையன்தான் எல்லாம் எடுத்துப் போடுதான். வேற நல்ல வாட்ச்சா வாங்கிரட்டுமா?

பதில்:

அண்ணாச்சி, வாட்ச் கெட்டுப் போகவில்லை. புதுசும் வாங்க வேண்டாம். அப்புறம், நான் டாக்டர் இல்லை, பிசியோதெரபிஸ்ட். மாத்திரையைப் பற்றிய முடிவு எதுவும் உங்கள் டாக்டருடையது. அது வாட்ச்சை என்ன செய்கிறது என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

உங்கள் கடையில் ஒருவர் துவரம்பருப்பு கேட்டால் தராசில் நிறுத்துக் கொடுக்கிறீர்கள். கறிவேப்பிலை கேட்டால் கையால் ஒரு கொத்து ஒடித்துப் போடுகிறீர்கள். கலோரி விஷயத்தில் உங்கள் மூன்று கருவிகளுமே செய்வது கறிவேப்பிலை வேலைதான். எதுவும் நிறுக்கவில்லை. வேறு எதையோ அளந்துவிட்டு, அதை வைத்து மதிப்புப் போடுகின்றன. மூன்றும் அளப்பது மூன்று வேறு பொருள்களை. அதனால்தான் மூன்று விடை.

நிஜமாக நிறுக்க முடியாதா என்றால், முடியும். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க வேண்டிய சக்தியைத்தான் நாம் சாப்பாட்டில் ஒரு கலோரி என்கிறோம். அறிவியல் புத்தகத்தில் அதற்குக் கிலோகலோரி என்று பெயர். உடம்பு இந்தச் சக்தியை உண்டாக்க ஆக்சிஜன் வேண்டும். ஒரு லிட்டர் ஆக்சிஜன் செலவானால் ஏறத்தாழ 5 கலோரி எரிந்திருக்கிறது. கொழுப்பு எரிந்தால் 5-க்குக் கொஞ்சம் கீழே, மாவுச்சத்து எரிந்தால் 5-ஐ ஒட்டி. ஆகவே மூக்கையும் வாயையும் மூடி ஒரு முகமூடி மாட்டி, உள்ளே போன ஆக்சிஜன் எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்று பார்த்தால் கணக்கு சுத்தமாக வந்துவிடும். ஆய்வுக்கூடங்களில் அப்படித்தான் செய்கிறார்கள். உங்கள் ஜிம்மில் அந்த முகமூடி இல்லை. அது இல்லாத இடத்தில் காட்டப்படும் எந்தக் கலோரி எண்ணும் கைமதிப்புதான்.

டிரெட்மில்லை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அதன் குட்டு உங்கள் மகளால் வெளிப்பட்டுவிட்டது. டிரெட்மில்லுக்குத் தெரிந்தது மூன்றே விஷயம்: பட்டை என்ன வேகத்தில் ஓடுகிறது, எவ்வளவு சாய்ந்திருக்கிறது, எத்தனை நிமிடம் ஓடியது. மேலே நடப்பது யார் என்று அதற்குத் தெரியாது. தொடங்கும்போது அது வயது, எடை கேட்கும். அதற்குப் பதில் சொல்ல யாருக்குப் பொறுமை? நேராகப் பச்சைப் பொத்தானை அமுக்கிவிட்டு நடப்போம். அமுக்கியதும் மெஷின் தானாக ஒரு ஆளைக் கற்பனை செய்துகொள்கிறது.

அந்த ஆளின் எடையைக் கண்டுபிடிப்பது சுலபம். நடைக்கான ஆக்சிஜன் செலவுக்கு அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி என்ற அமைப்பின் சூத்திரம் ஒன்று உண்டு. இந்தத் துறையில் எல்லோரும் கையாளுவது. உடம்பின் ஒவ்வொரு கிலோவுக்கும் நிமிடத்துக்கு இத்தனை மில்லி ஆக்சிஜன் என்று அது சொல்லும். மணிக்கு 5.5 கிலோமீட்டர் என்றால் நிமிடத்துக்கு 92 மீட்டர். அதில் பத்தில் ஒரு பங்கு, 9.2 மில்லி, நடைக்கு. 4 சதவீத ஏற்றத்துக்கு 6.6 மில்லி. சும்மா உயிரோடு இருப்பதற்கு 3.5 மில்லி. மொத்தம் 19.3. இதை உங்கள் 78 கிலோவால் பெருக்கினால் நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர் ஆக்சிஜன், அதாவது ஏழரை கலோரி. 45 நிமிடத்துக்குச் சுமார் 338. மெஷின் காட்டியது 310. அதே சூத்திரத்தைத் திருப்பிப் போட்டால் 71, 72 கிலோ ஆளுக்குத்தான் 310 வருகிறது. மெஷின் செய்தவர்கள் எழுபது கிலோச் சொச்சத்தில் யாரோ ஒரு சராசரி மனிதரை உள்ளே உட்கார வைத்திருக்கிறார்கள். நீங்கள் ஏறினாலும் மகள் ஏறினாலும் அது எண்ணுவது அவரைத்தான். மகளின் 52 கிலோவுக்கு இந்தக் கணக்கு 225-தான் கொடுக்கும்.

நாளைக்கு எடையைப் போட்டுவிட்டு நடங்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை. சில மெஷின்கள் எடையை பவுண்டில் கேட்கும். நீங்கள் 78 என்று தட்டினால் அது உங்களை 35 கிலோ பையன் என்று நினைத்துக்கொள்ளும். உங்களுக்கு 172 பவுண்டு.

சரி, அப்படியானால் 338 உண்மையா என்று கேட்பீர்கள். இல்லை, அண்ணாச்சி. நீங்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடக்கிறீர்கள்.

ஏற்றத்தில் மூச்சு வாங்குவது ஏன்? ஒவ்வொரு அடியிலும் 78 கிலோவை மேலே தூக்குகிறீர்கள். கம்பியைப் பிடித்துப் பின்னால் சாய்ந்துகொண்டால் அந்தச் சுமையில் ஒரு பகுதி கைக்குப் போய்விடும். உடம்பு பட்டைக்குச் செங்குத்தாக நின்றுவிட்டால் சமதரையில் நடக்கிற மாதிரியேதான். சைக்கிளில் போகிற பையன்கள் முன்னால் போகிற டிராக்டரின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு மேடு ஏறுவதைப் பார்த்திருப்பீர்களே, அதே கதை. மேடும் உண்டு, சைக்கிளும் உண்டு, மிதிப்பது டிராக்டர். டிரெட்மில்லோ கம்பியை யார் பிடித்திருக்கிறார்கள் என்று பார்ப்பதில்லை, முழு ஏற்றத்துக்கும் கூலி எழுதிவிடுகிறது. முட்டு வலிக்குப் பயமென்றால் ஏற்றத்தை 1 அல்லது 2-க்கு இறக்கிவிட்டுக் கையை விடுங்கள். தடுமாறினால் லேசாகத் தொட்டுக்கொள்ளலாம், தொங்கக்கூடாது.

இன்னொரு கழிவும் இருக்கிறது. இதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதே இல்லை. கல்லாவில் விழுந்த பணம் எல்லாம் லாபமா? கொள்முதல், வாடகை, கரண்டு பில், பையன் சம்பளம் போக மிச்சம்தானே லாபம்? டிரெட்மில் காட்டுவது கல்லாப் பணம். அந்த முக்கால் மணி நேரம் நீங்கள் நடக்காமல் திண்ணையில் சாய்ந்து கிடந்திருந்தாலும் இதயமும் மூளையும் ஈரலும் சுமார் 60 கலோரி செலவழித்திருக்கும். 338-ல் அதைக் கழித்தால், கம்பியைப் பிடிக்காமல் நடந்திருந்தால், நடையால் வந்த லாபம் 277. பிடித்துக்கொண்டே நடப்பவருக்கு நான் 200 என்று வைப்பேன். இதுவும் கைமதிப்புதான். ஆனால் உங்களைப் பார்த்துப் போட்ட கைமதிப்பு.

போனின் 160 எங்கிருந்து வந்தது என்றும் இப்போது தெரிந்திருக்கும். அதற்குத் தெரிந்தது பையில் விழும் குலுக்கல் மட்டும். ஏற்றம் தெரியாது. பட்டை சாய்ந்திருந்தாலும் நீங்கள் நின்ற இடத்தை விட்டு ஒரு அடிகூட உயரவில்லையே. சமதரை நடை என்று எடுத்துக்கொண்டு, ஓய்வுச் செலவையும் கழித்திருக்கிறது போலிருக்கிறது. அதே சூத்திரத்தில் ஏற்றமில்லாமல், ஓய்வைக் கழித்துப் போட்டுப் பார்த்தேன்: 161. மூன்றில் மிக எளிய கருவியும் உங்கள் விஷயத்தில் அதிகம் புளுகவில்லை. அது தற்செயல் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இனி வாட்ச்சுக்கு வருவோம், உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த பகுதி அதுதான்.

ராத்திரி கழற்றி மேசையில் வைத்தால் அடியில் பச்சை விளக்கு மினுங்கும், பார்த்திருப்பீர்கள். இரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் மணிக்கட்டில் இரத்தம் கூடும்போது திரும்பி வருகிற ஒளி குறையும், வடியும்போது கூடும். அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணித்தான் நாடித்துடிப்பு சொல்கிறது. அதோடு கை ஆடுவதை அறிய ஒரு உணரியும் உண்டு. இந்த இரண்டையும், நீங்கள் கொடுத்த வயது, எடை, உயரத்தையும் சேர்த்து ஒரு சூத்திரத்தில் போடுகிறது. அந்தச் சூத்திரத்தைக் கம்பெனிகள் வெளியே சொல்வதில்லை, ஆளுக்கு ஒன்று வைத்திருக்கின்றன.

துடிப்பை எண்ணுவது வரை வாட்ச் ஓரளவு நல்ல தராசுதான். அங்கிருந்து கலோரிக்குத் தாவுகிற இடத்தில்தான் சறுக்கல். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 60 பேருக்கு ஏழு வகை வாட்ச்களைக் கட்டி நடக்க, ஓட, சைக்கிள் மிதிக்க வைத்து, ஆக்சிஜன் அளவோடு ஒப்பிட்டார்கள். 2017-ல் முடிவு வந்தது. நாடித்துடிப்பில் ஏழில் ஆறு வாட்ச்கள் 5 சதவீதத்துக்குள் சரியாகச் சொன்னன. கலோரியில் ஏழிலேயே நல்ல வாட்ச் சராசரியாக 27 சதவீதம் தப்பு. மோசமானது 93 சதவீதம். உங்கள் தராசு 27 சதவீதம் தப்புக் காட்டினால் ஆய்வாளர் வந்து கடையைப் பூட்டிவிட்டுப் போவார்! அந்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: கருத்த தோல் உள்ளவர்களிடமும் எடை கூடியவர்களிடமும் தப்பு அதிகம். தோலின் கருநிறமும் பச்சை ஒளியைக் குடிப்பதுதான் காரணம் என்று சொல்கிறார்கள். தாமிரபரணிக் கரை வெயிலில் வளர்ந்த நமக்கு இது சின்ன விஷயம் இல்லை. மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரற்கடை மேலே தள்ளி, நகராமல் கட்டினால் கொஞ்சம் தேறும்.

இப்போது உங்கள் மாத்திரை. மெட்டோப்ரோலால், அட்டெனலால், பிசோப்ரோலால் என்று ‘லால்’ என முடிகிற இந்தக் குடும்பத்து மாத்திரைகளுக்கு பீட்டா பிளாக்கர் என்று பெயர். வேகமாகத் துடி என்று அட்ரினலின் இதயத்தை விரட்டும். அந்தச் சவுக்கை இந்த மாத்திரை பிடித்துவைத்துக்கொள்கிறது. நீங்கள் நடக்கும்போது முன்பு நிமிடத்துக்கு 125 தடவை துடித்த இதயம் இப்போது 100 தடவை துடிக்கலாம். ஆனால் ஒவ்வொரு துடிப்புக்கும் கூடுதல் இரத்தத்தைத் தள்ளுகிறது. கால் தசைக்குப் போகும் ஆக்சிஜனில் பெரிய குறைவு இல்லை. எரிகிற கலோரியும் கிட்டத்தட்ட அதேதான். பாவம், வாட்ச்சுக்கு இது தெரியாது. துடிப்பு குறைந்துவிட்டது, அண்ணாச்சி சும்மா உலாத்துகிறார் என்று முடிவு கட்டி 290-ஐ 186 ஆக்கிவிட்டது. கெட்டுப்போன வாட்ச் இல்லை அது. மாத்திரை வேலை செய்கிறது என்பதைத்தான் அது தன் பாஷையில் சொல்கிறது.

இதில் ஒரு ஆபத்து இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். பழைய 290-ஐ எட்டிப் பிடிக்க வேகத்தைக் கூட்டாதீர்கள். துடிப்பு ஏறாது, நீங்கள்தான் களைத்துப்போவீர்கள். ஜிம் சுவரில் ஒட்டியிருக்கும் ‘220-ல் வயதைக் கழி’ அட்டவணையும் இந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்குப் பொருந்தாது. அதேபோல வாட்ச்சுக்காக மாத்திரையை ஒரு வேளைகூடத் தள்ளிப்போடக்கூடாது, இதைத் திடீரென்று நிறுத்துவது இதயத்துக்கு ஆகாது. உங்களுக்குச் சரியான அளவுகோல் பேச்சு. நடந்துகொண்டே பக்கத்து மெஷின்காரரிடம் வெங்காய விலையைப் பற்றி இரண்டு வரி பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக்கூடாது. அந்த வேகம் போதும். முடிக்கும்போது சட்டென்று இறங்காமல் ஐந்து நிமிடம் மெல்ல நடந்து இறங்குங்கள். இந்த மாத்திரையில் சிலருக்குக் கிறுகிறுப்பு வரும். நெஞ்சில் இறுக்கமோ கண் இருட்டலோ வந்தால் உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

மாத்திரை இல்லாதவர்களிடம் இதே வாட்ச் எதிர்த்திசையில் தப்புச் செய்யும். அக்னி நட்சத்திரத்தில் சாயங்காலம் நாலு மணிக்குப் பாளை வ.உ.சி. மைதானத்தைச் சுற்றிப் பாருங்கள். உடம்பைக் குளிர்விக்கத் தோலுக்கும் இரத்தம் அனுப்ப வேண்டியிருப்பதால் அதே நடைக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கும். வாட்ச் அதையும் உழைப்புக் கணக்கில் எழுதிக்கொள்ளும். மார்கழிக் காலையில் அதே மைதானம், அதே சுற்று, கலோரி குறைவாக இருக்கும். வெயிலில் வியர்த்து நடந்தால் கொழுப்பு உருகும் என்று என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் நம்புவதற்கு வாட்ச்சும் இப்படிச் சாட்சி சொல்லிவிடுகிறது. வியர்வையில் போவது தண்ணீர். இரண்டு செம்பு குடித்தால் எடை திரும்பிவிடும்.

மூட்டை விஷயத்துக்கு வருகிறேன். ஒரு ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேர் வடத்தைப் பிடித்து நானும் கொஞ்ச தூரம் இழுத்தேன். கையில் வாட்ச். உள்ளங்கை எரிந்து, தோள் விட்டுப்போகிற மாதிரி இருந்தது. ஓரமாக வந்து பார்த்தால், வாட்ச் என்னை நின்றுகொண்டிருந்தவள் கணக்கில் சேர்த்திருந்தது. காரணம் எளிது: வடத்தை இறுகப் பிடித்த கை ஆடவே இல்லை. கை ஆடாவிட்டால் அதற்குக் காலடி இல்லை. இறுக்கிப் பிடிக்கும்போது மணிக்கட்டுத் தசைநார்கள் புடைத்துப் பச்சை விளக்கும் குழம்பிவிடும், துடிப்பு எண்ணும் தப்பாகும். உங்கள் அரிசி மூட்டைக்கும் இதே கதிதான். டிரெட்மில் கம்பியைப் பிடிக்கும்போதும் இதேதான், 186 அவ்வளவு கீழே போனதில் இதற்கும் பங்கு உண்டு.

ஆனால் என் அம்மா பேரனைத் தொட்டிலில் போட்டு, உட்கார்ந்த இடத்திலேயே ஆட்டி, வாட்ச் கணக்கில் 600 காலடி நடந்திருக்கிறார். நீங்கள் பைக்கில் நடப்பதும் அந்த வகை. ரோட்டுக் குழியில் ஹாண்டில்பார் குலுங்குகிற குலுக்கலைக் காலடி என்று எடுத்துக்கொள்கிறது. நம்ம ஊர் ரோட்டுக்கு அது கண்டுபிடிக்கப்படவில்லை.

ஜிம்மில் நின்றபடியே கையும் காலும் போட்டு மிதிக்கிற மெஷின் ஒன்று இருக்குமே, கிராஸ் டிரெய்னர், அது பெரும்பாலும் தாராளமாகக் காட்டும். அதை ஒதுக்கிவிடுங்கள். இருப்பதிலேயே நம்பத் தகுந்தது வாட் காட்டுகிற சைக்கிள். அது மட்டும்தான் நீங்கள் மிதிக்கிற பலத்தை நேரடியாக அளக்கிறது. நம் உடம்பு எரிக்கும் சக்தியில் நாலில் ஒரு பங்கோ அதற்குக் கொஞ்சம் குறைவோதான் மிதியடிக்குப் போய்ச் சேரும், மீதி சூடாகப் போய்விடும். இந்த விகிதம் ஆளுக்கு ஆள் அதிகம் மாறாது. 100 வாட்டில் அரை மணி நேரம் மிதித்தால் சுமார் 180 கலோரி. முட்டுக்கும் சைக்கிள் இதமானது. வாரத்தில் இரண்டு நாள் அதில் உட்காரலாம்.

இனி உங்கள் மூன்று கிலோவைப் பார்ப்போம். உடம்புக் கொழுப்பு ஒரு கிலோ குறைய ஏறத்தாழ 7,700 கலோரி பற்றாக்குறை விழ வேண்டும். மூன்று மாதத்தில் 78 நாள் நடந்திருக்கிறீர்கள். 310 வீதம் 24,180. அதை 7,700-ஆல் வகுத்து மூன்று கிலோ என்று கண்டுபிடித்தீர்கள். கணக்கில் தப்பில்லை, வரவில்தான் தப்பு. நான் வைத்த 200-ஐப் போட்டால் 15,600, அதாவது இரண்டு கிலோ. குறைந்தது முக்கால் கிலோ, அது 5,775. மிச்சம் 9,825 கலோரி எங்கே? 91 நாளுக்கு வகுத்தால் ஒரு நாளைக்கு 108.

எண்ணெய் குடித்த ஒரு உளுந்த வடை ஏறத்தாழ அதே அளவுதான், அண்ணாச்சி.

முழுப் பழியையும் வடை மேல் போடுவது நியாயமில்லை. காலையில் நடந்த களைப்பில் கடையில் உட்கார்ந்தே இருப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அதற்கும் பங்கு உண்டு. டான்சானியாவில் ஹாட்சா என்று ஒரு மக்கள், இன்றைக்கும் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழ்கிறவர்கள். தினமும் மைல் கணக்கில் நடப்பார்கள். அவர்கள் ஒரு நாளில் எரிக்கிற மொத்தக் கலோரியை ஹெர்மன் பான்ட்சர் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் அளந்து 2012-ல் வெளியிட்டார்கள். உடம்பின் அளவைச் சரிக்கட்டிப் பார்த்தால், நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிற அமெரிக்கர்கள் எரிப்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை! ஒரு பக்கம் செலவு கூடினால் உடம்பு இன்னொரு பக்கம் சிக்கனம் பிடித்துக்கொள்கிறது என்று அவர்கள் சொல்கிறார்கள். உங்கள் விஷயத்தில் சிக்கனம் எங்கே என்று தேட வேண்டியதே இல்லை. பருப்பு டப்பாவைப் பையன் எடுத்துக் கொடுக்கிறான். முன்பு நீங்களே ஸ்டூல் போட்டு ஏறி எடுத்துக்கொண்டிருந்தீர்கள். அந்த வேலையை அவனிடமிருந்து திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். மூட்டை வேண்டாம், டப்பா போதும். பிரஷர் உள்ளவர் மூச்சை அடக்கிக்கொண்டு கனமான சுமை தூக்குவது நல்லதல்ல.

வாட்ச்சைக் கழற்றிப் போடச் சொல்லவில்லை. ஒரு கைமதிப்பு இன்னொருவர் கைமதிப்போடு ஒத்துப்போகாது. ஆனால் அதே கை நேற்றும் இன்றும் போடுகிற மதிப்பை ஒப்பிடலாம். மாத்திரை மாறின நாளுக்கு முந்தின எண்களை மறந்துவிடுங்கள், அது வேறு கணக்குப் புத்தகம். இன்றிலிருந்து புதுப் புத்தகம். அதில் கலோரியை விட்டுவிட்டு எத்தனை நிமிடம் நடந்தீர்கள், அப்போது துடிப்பு எவ்வளவு என்று மட்டும் பாருங்கள். இரண்டு மாதம் கழித்து அதே வேகத்துக்கும் அதே மாத்திரை அளவுக்கும் துடிப்பு நாலைந்து குறைந்திருந்தால் இதயம் தேறியிருக்கிறது. வாட்ச் அன்றைக்கும் கலோரி குறைந்துவிட்டது என்றுதான் காட்டும்.

எடைக்கு உங்களிடம் இவை எல்லாவற்றையும்விட நல்ல கருவி ஏற்கெனவே இருக்கிறது. அரிசி மூட்டை நிறுக்கிற பிளாட்பார மெஷின், அரசாங்க முத்திரை போட்டது. ஞாயிறு காலை கடை திறந்ததும், ஆள் வருவதற்கு முன்னால், செருப்பைக் கழற்றிவிட்டு வேட்டி சட்டையோடு ஏறி நில்லுங்கள். வாரம் ஒரு முறை போதும். தினமும் ஏறினால் தண்ணீரும் மலமும்தான் கூடியும் குறைந்தும் தெரியும். கூடவே சின்னத் தராசில் சாயந்தர வடையையும் ஒரு நாள் வைத்துப் பாருங்கள், எத்தனை கிராம் என்று எனக்கும் எழுதுங்கள். முதலில் ஒரு பழைய பேப்பரில் வைத்து அழுத்தி எடுத்து, எவ்வளவு எண்ணெய் இறங்குகிறது என்பதையும்.

மகன் போனில் கேட்டால், வாட்ச் நன்றாக ஓடுகிறது என்று சொல்லிவிடுங்கள். அது மணியைச் சரியாகத்தான் காட்டுகிறது.